பாலும் துபாவும் வேம்பும்: பயிர்களின் தற்காப்பு மருந்துகள்

(புக்கிட் செந்தோசா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பிரட்டுக்குச் சென்று, பகல் முழுதும் உழைத்து, மாலையில் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் பொழுதை வீணாக்காமல், வீட்டிற்குத் திரும்பியதும் பயன்படக்கூடிய சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் சிலர் இன்னும் பால்வெட்டுக்குச் செல்கிறோம். வேறு சிலர் செம்பனைத் தோட்டங்களில் பணி புரிகிறோம். தோட்டத்தை விட்டு இவ்வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. ஆயினும் வீட்டின் பின்புறம் நான்கு மிளகாய்ச் செடியும் ஒரு முருங்கையும் இல்லாத தமிழர் இல்லம் அரிது. ஆகவே இன்றைய பொருள் நம் அனைவருக்கும் உரியதே.

மரம் யாருக்காகப் பால் சுரக்கிறது?

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. இருள் பிரியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குள் சென்று பால்மரத்தைச் சீவுகிறோம். மங்கு நிறையப் பால் வடிகிறது. அது டயராகிறது, கையுறையாகிறது, நம் குடும்பத்தின் சோறாகிறது. ஆனால் அந்த மரம் உண்மையில் யாருக்காகப் பால் சுரக்கிறது? 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேருவதற்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் அம்மரம் பால் சுரந்துகொண்டுதான் இருந்தது. அன்று அதற்கு மங்கு கட்டியவர் எவருமில்லை.

ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில் இக்கேள்வியை மாணவர்களிடம் கேட்பதுண்டு. "ஐயா, அது மரத்தின் இரத்தம்" என்று ஒரு சிறுவன் விடை சொன்னான். விடை முழுவதும் சரியன்று. எனினும் பாதி சரி. நம் உடலில் காயம் பட்டால் இரத்தம் வடிந்து, பிறகு உறைந்து, காயத்தை மூடுகிறது. பாலும் அவ்வாறே செய்கிறது. சீவிய இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் தானே நின்றுவிடுவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, பால் குழாய்களின் வாயை அடைத்துவிடுவதே அதற்குக் காரணம்.

பாலுக்கு மற்றொரு வேலையும் உண்டு. அது மரத்தின் காவற்படை. பட்டையைத் துளைக்க வரும் வண்டின் வாய் அதில் ஒட்டிக்கொள்கிறது. சிறு பூச்சி அப்படியே சிக்கி மடிகிறது. இத்தோடு நிற்கவில்லை. ரப்பர்ப் பாலில் 'ஹெவின்' என்னும் புரதம் உள்ளது. 1960ஆம் ஆண்டில் இது பாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. பூச்சியின் மேலோட்டிலும் காளானின் சுவரிலும் 'கைட்டின்' என்னும் பொருள் இருக்கிறது. ஹெவின் அந்தக் கைட்டினைத் தேடிப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. காளான்களின் வளர்ச்சியை அது தடுப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. கைட்டினைச் சிதைக்கும் நொதி ஒன்றும் அதே பாலில் இருக்கிறது. ஆக, நாம் வாளியில் சுமந்து செல்வது ஒரு மரத்தின் ஆயுதக் கிடங்கு என்றால் அது மிகையாகாது.

பப்பாளி சொல்லும் பாடம்

இதற்கு நம் சமையலறையிலேயே சான்று உண்டு. முற்றிய ஆட்டிறைச்சி வேகாவிட்டால் பப்பாளிக் காயின் துண்டை அதில் போடுவது நம் தாய்மார்களின் வழக்கம். பப்பாளிப் பாலில் உள்ள 'பப்பெயின்' என்னும் பொருள் இறைச்சியின் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்குகிறது. நம் பானையில் அவ்வாறு செய்யும் பப்பெயின், இலையைத் தின்ன வரும் புழுவின் வயிற்றில் என்ன செய்யும்?

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். பப்பாளி இலையைத் தின்ற புழுக்கள் வளர்ச்சி குன்றின, மடிந்தன. இலையை நறுக்கி, பாலைக் கழுவி நீக்கிய பின் கொடுத்தபோது அந்த நஞ்சுத்தன்மை மறைந்தது. பப்பெயினின் செயலைத் தடுக்கும் மருந்தை இலைமீது தடவிக் கொடுத்தபோதும் புழுக்கள் வளர்ந்தன. எனவே, அவற்றைக் கொன்றது இலையன்று, பாலே என்பது தெளிவாயிற்று.

மரவள்ளியும் இத்தகையதே. சப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை நம் முன்னோர் பலர் மரவள்ளியை உண்டே உயிர் பிழைத்தனர். கசப்பு மரவள்ளியை நன்கு ஊறவைத்து, அவித்து, நீரை இறுத்துக் கொட்டிவிட்டு உண்ண வேண்டும் என்று பாட்டிமார் கண்டிப்புடன் சொன்னார்கள் அல்லவா? அச்செடி இரண்டு பொருள்களைத் தன் உடலில் தனித்தனியே வைத்திருக்கிறது. பூச்சியோ விலங்கோ கடித்து நசுக்கும்போது அவ்விரண்டும் கலந்து, 'சயனைடு' என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. ரப்பர் மரத்தின் இலையிலும் விதையிலும் இதே ஏற்பாடு உண்டு. நிரையில் விதை பொறுக்கி விளையாடும் சிறுவர்கள் அதனை வாயில் வைக்கலாகாது என்று சொல்வது இதனால்தான்.

இத்தனை காவல் இருந்தும் ரப்பர் மரத்திற்குப் பகையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டுக் கறையான் வகை ஒன்று உயிருள்ள பால்மரத்தையே அடியிலிருந்து அரித்து வீழ்த்துவதை அனுபவசாலிகள் கண்டிருப்பீர்கள். எருக்கஞ்செடியைத் தின்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்புகிறது. சில பூச்சிகள் இலையைத் தின்னுமுன் நரம்பை முதலில் கடித்துத் துண்டித்து, பாலை வெளியே வடியவிட்டு, அதன்பின் அமைதியாக உண்கின்றன. செடி ஒரு பூட்டுச் செய்தால் பூச்சி ஒரு சாவி செய்கிறது. இப்போட்டி முடிவற்றது.

நான்கு வழிகள்

செடிகளின் இரசாயனங்கள் பூச்சிகளை எவ்வாறு தாக்குகின்றன? எளிதில் நினைவில் நிற்குமாறு நான்காக வகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, அண்ட விடாமை. செரை வகையிலிருந்து வடிக்கும் எண்ணெயின் மணம் கொசுவை விலக்குகிறது. ஆனால் அது விரைவில் ஆவியாகிவிடும். இரண்டாவது, உண்ண விடாமை. இலைமீது வந்தமர்ந்த பூச்சி, சுவை பிடிக்காமல் பட்டினி கிடக்கிறது. மூன்றாவது, வளர விடாமை. புழு தோலுரித்து வளர வேண்டிய பருவத்தில் உரிக்க முடியாமல் அழிகிறது. நான்காவது, நேரே கொல்லுதல். நரம்பையோ மூச்சையோ தாக்கி மாய்த்துவிடுகிறது.

நான்காம் வகைக்கு நீங்கள் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு கொசுவர்த்திச் சுருள். அதன் பிறப்பிடம் ஒரு பூ. சாமந்தி இனத்தைச் சேர்ந்த 'பைரெத்ரம்' என்னும் வெண்மலரின் பொடி பூச்சியின் நரம்பைத் தாக்கும். ஜப்பானில் அப்பொடியைக் கொண்டு முதலில் குச்சியாகவும், 1902 முதல் சுருளாகவும் செய்து விற்றனர். இன்று கடையில் வாங்கும் சுருள்களில் பெரும்பாலும் அம்மலரின் இரசாயனத்தைப் பார்த்து ஆலையில் செய்த பொருளே இருக்கிறது.

புகையிலையின் 'நிக்கோட்டின்' மற்றொன்று. புகையிலை ஊறிய நீர் செடிப்பேனைக் கொல்வது உண்மை. ஆனால் அது தோல் வழியாகவே மனித உடலுக்குள் புகக்கூடிய கடும் நஞ்சு. அதோடு மிளகாய், தக்காளி, கத்தரிச் செடிகளுக்குப் புகையிலையின் நச்சுயிரி நோயையும் அது கொண்டுவரலாம். எனவே, வீட்டில் அதனைச் செய்ய வேண்டா என்பதே என் வேண்டுகோள்.

நம் மண்ணின் துபா வேர்

இனி, இம்மண்ணுக்கே உரிய ஒரு கொடியைப் பற்றிச் சொல்கிறேன். மலாய் மொழியில் அதனைத் 'துபா' என்பர். அதன் வேரை நசுக்கி ஆற்றில் கலக்கினால் மீன்கள் மயங்கி மிதக்கும். முன்னாளில் காட்டு மக்களும் கிராமத்தாரும் அவ்வாறு மீன் பிடித்தனர். பாலைக் கொடுத்தவருக்குத் துபாவைத் திருப்பிக் கொடுத்தான் என்னும் கருத்துடைய மலாய்ப் பழமொழியும் உண்டு. நன்றி கொன்றவனைக் குறிப்பது அது. நஞ்சிட்டு மீன் பிடிப்பது இன்று சட்டப்படி குற்றம் என்பதையும் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மீனைக் கொல்லும் வேர் பூச்சியையும் கொல்லும் என்பதை இந்நாட்டுச் சீனக் காய்கறி விவசாயிகள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். வேரை இடித்து, நீரில் ஊறவைத்து, கீரைமீது தெளித்தனர். 1848ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆக்ஸ்லி என்னும் மருத்துவர், இலை தின்னும் புழுக்களுக்குத் துபா நீர் நல்ல மருந்து என்று எழுதி வைத்தார். அதன் நஞ்சை 1902ஆம் ஆண்டில் ஜப்பானிய இரசாயன அறிஞர் நாகாய் பிரித்தெடுத்தார். அதற்கு 'ரோட்டினோன்' என்று பெயர் ஏற்பட்டது. 1930களில் மலாயாவிலிருந்து துபா வேர் அமெரிக்காவிற்கும் பிரிட்டனுக்கும் ஏற்றுமதியாயிற்று. ரப்பரும் ஈயமும் மட்டுமல்லாமல், ஒரு கொடியின் வேரும் இந்நாட்டிற்கு வருமானம் தேடித் தந்தது.

ரோட்டினோன் எவ்வாறு வேலை செய்கிறது? உயிருள்ள ஒவ்வோர் அணுவிலும், உண்ட உணவைச் சக்தியாக மாற்றும் மிகச் சிறிய அடுப்பு ஒன்று எரிகிறது எனக் கொள்ளுங்கள். ரோட்டினோன் அந்த அடுப்பிற்குள் புகுந்து அதனை அணைத்துவிடுகிறது. மூச்சிருந்தும் சக்தியில்லாமல் பூச்சி மடிகிறது. பின்னர் டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிகொல்லும் ஆற்றல் 1939ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதும், மலிவான அம்மருந்தின் முன்னே துபாவின் வணிகம் மங்கிப் போயிற்று.

வேம்பின் பெருமை

வேப்பமரத்தைப் பற்றித் தமிழர்க்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மன் கோயில் வாயிலிலும் அம்மை கண்ட வீட்டிலும் இருப்பது வேம்பு. அரிசிப் பானையில் வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு அண்டாது என்பது பாட்டிமார் கண்ட அறிவு. அவ்வறிவை உலகம் ஒப்புக்கொண்ட வரலாறு சுவையானது.

1959ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை வந்து பச்சையெல்லாம் தின்று தீர்த்தது. வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முத்தரர் கண்டார். அதையடுத்து 1962ஆம் ஆண்டில் டில்லியில் பிரதான் என்னும் இந்திய அறிஞர், வேப்பங்கொட்டைப் பருப்பைக் கரைத்துப் பயிர்மீது தெளித்துப் பார்த்தார். வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தன; ஆனால் தின்னவில்லை. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அதன் மூலப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, 'அசாடிராக்டின்' எனப்பட்டது. அது எவ்வளவு சிக்கலான பொருள் என்றால், ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்களுக்கு 22 ஆண்டுகள் ஆயின. 2007ஆம் ஆண்டில்தான் வெற்றி கிட்டியது. ஒரு வேப்பமரமோ ஒவ்வோர் ஆண்டும் ஓசையின்றி அதனைச் செய்துவிடுகிறது!

வேப்பெண்ணெயால் பயிர்க் காளானைத் தடுக்கும் முறைக்கு 1994ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் காப்புரிமை வழங்கப்பட்டதும், அது பழங்கால மக்களறிவே என்று வாதாடப்பட்டு 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதும், 2005ஆம் ஆண்டில் அத்தீர்ப்பு உறுதியானதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கவை.

வேம்பு இரண்டாம் வழியிலும் மூன்றாம் வழியிலும் வேலை செய்கிறது. பூச்சியை உண்ண விடாது. உண்ட புழுவைத் தோலுரிக்க விடாது. ஆகவே தெளித்த மறுநாளே புழுக்கள் செத்து விழும் என எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சில நாள்கள் பொறுக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் விரைவில் குறைந்துவிடும் என்பதையும் அறிதல் வேண்டும்.

செய்முறை எளிது. நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊற வையுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டிப் பிடிப்பதற்காகச் சிறிது சவர்க்காரம் கரையுங்கள். வெயில் தாழ்ந்த மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மீதி வைத்தல் ஆகாது. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை மீண்டும் தெளிக்கலாம். மழை பெய்தால் மறுபடி தெளிக்க நேரிடும். கொட்டை கிடைக்காதவர்கள் ஒரு கிலோ தழையை அரைத்து 5 லிட்டர் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். எனினும் கொட்டையின் வீரியம் தழைக்கு இல்லை.

இயற்கை என்றால் தீங்கற்றதா?

நண்பர்களே, இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, "ஆலையில் செய்தது நஞ்சு, செடியில் விளைந்தது அமுதம்" என்று எண்ணி யாரேனும் வீடு திரும்பினால், நான் இங்கு வந்ததே பிழையாகிவிடும். இவ்வுரையின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது.

என் தாயார் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தோம்பைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இன்றி, நிரைகளுக்கிடையே களைக்கொல்லி தெளித்தார். அவருடைய நகங்கள் நிறம் மாறி உதிர்ந்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட 'பாராகுவாட்' என்னும் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகலாம். நம் நாட்டில் அது 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்க செயல்.

ஆனால் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் துபா வேரின் ரோட்டினோனை எலிகளின் உடலில் சிறிது சிறிதாகத் தொடர்ந்து செலுத்தினர். அவ்வெலிகளுக்குக் கை கால் நடுக்க நோயாகிய 'பார்க்கின்சன்' நோயின் அறிகுறிகள் தோன்றின. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டு விவசாயத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு ஒன்று வெளிவந்தது. பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் அந்நோய், கையாளாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. ரோட்டினோனைக் கையாண்டவர்களிடமும் அதே இரண்டரை மடங்குதான்! ஒன்று ஆலையில் பிறந்தது. மற்றொன்று நம் காட்டு வேரில் பிறந்தது. உடம்பு அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். நான் முதலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது என் தங்கை கைக்குழந்தை. ஒரு நாள் அவளுக்குச் சளி கட்டிக்கொண்டது. பாட்டி அன்போடு சங்கில் வேப்பெண்ணெய் ஊற்றிப் புகட்டினார். சில மணி நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. பிறகு மயங்கிக் கிடந்தது. கை கால்கள் வெட்டி இழுத்தன. தோட்டத்து டிரஸ்சர் நிலைமையை உணர்ந்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் பாட்டி தம் இறுதி நாள் வரையில் அதை எண்ணித் தம்மையே நொந்துகொண்டார். அவர் மீது குற்றமில்லை. அவருடைய தாயார் அவருக்குச் செய்ததை அவர் செய்தார், அவ்வளவே.

அது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று என்பதைப் பெரியவனான பின்னரே அறிந்தேன். 1981ஆம் ஆண்டிலேயே மலேசிய மருத்துவர்கள், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதிக்கப்படுவதைப் பற்றி 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் எழுதினர். வேம்பு புனிதமானது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆயினும் குழந்தையின் வாயில் வேப்பெண்ணெய் ஒரு துளியும் படலாகாது. செடியின் மருந்து செடிக்கு. குழந்தையின் மருந்து மருத்துவரிடம்.

பூச்சிக்கும் பகைவர் உண்டு

பத்தாங் பெர்ஜுந்தாய் என்று நாம் அழைத்துவந்த ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா. அதன் அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. செம்பனையின் பெரும்பகை, இலைத்துணுக்குகளால் பை கட்டிக்கொண்டு தொங்கும் பைப்புழு. 1950களிலும் 1960களிலும் அதனைக் கொல்லக் கடும் மருந்துகளைத் தெளித்தார்கள். புழு குறைவதற்கு மாறாகப் பெருகியது. ஆராய்ந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது: புழுவைக் காட்டிலும், புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகளே மருந்தால் மிகுதியாக மடிந்தன. மருந்தை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது.

செம்பனைத் தோட்டங்களின் பாதையோரங்களில் காலையில் மலரும் 'எட்டு மணிப் பூ'ச் செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் நட்டதன்று அது. அப்பூவின் தேனை உண்டு குளவிகள் வாழ்கின்றன; வாழ்ந்து, புழுவைத் தேடிச் செல்கின்றன. செடியின் நஞ்சு ஒருபுறம் காக்க, செடியின் தேன் மறுபுறம் காக்கிறது. உங்கள் வீட்டு மிளகாய்ப் பாத்தியைச் சுற்றியும் சில பூச்செடிகள் இருக்கட்டும்.

உரைக்குப் பின் எழுந்த ஐயங்கள்

தாய்மார் ஒருவர்: "ஐயா, என் மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டுபோகின்றன. வேப்ப நீர் போதுமா?"

விடை: "அம்மா, முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். செடிப்பேனோ இலைப்பேனோ இருந்தால், மிகவும் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். பிறகு வேப்ப நீரைத் தெளியுங்கள். ஒரு முறையோடு விட்டுவிடாதீர்கள். செடி முழுவதும் சுருண்டு குன்றிப்போயிருந்தால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு எந்தத் தெளிப்பும் பயனில்லை. அச்செடியைப் பிடுங்கிவிடுவதே மற்றவற்றைக் காக்கும் வழி."

பெரியவர் ஒருவர்: "தம்பி, தெளித்த காயை எப்போது பறிக்கலாம்?"

விடை: "ஐயா, வேப்ப நீராக இருந்தால் ஓரிரு நாள் விட்டு, நன்கு கழுவிச் சமைக்கலாம். கடையில் வாங்கிய மருந்தாக இருந்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்று சீட்டில் அச்சிட்டிருக்கும். அதற்கு ஒரு நாள் முன்பும் பறிக்க வேண்டா. சீட்டின் அடியில் உள்ள வண்ணப் பட்டையையும் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. மஞ்சளும் நீலமும் அவற்றிற்கு அடுத்தவை. வெள்ளை குறைந்த தீங்குடையது. எழுத்துத் தெரியாதவர்க்கும் வண்ணம் தெரியும்."

இளைஞர் ஒருவர்: "மீந்த மருந்தைப் பழைய குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கலாமா?"

விடை: "தம்பி, இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. ஒருபோதும் கூடாது. நம் தோட்டங்களில் நேர்ந்த துயரங்கள் பலவும் இப்படித் தொடங்கியவைதாம். விளையாடிக் களைத்து வரும் குழந்தைக்குப் போத்தலின் நிறந்தான் தெரியும். அதனுள் இருப்பது தெரியாது. மருந்து அதன் சொந்தப் புட்டியில், பூட்டிய பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தவறி யாரேனும் விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் செய்து நேரம் கடத்தாமல், 999க்கு அழையுங்கள். புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சென்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க சிகிச்சை அளிக்க இயலும்."

முடிவுரை

அன்பர்களே, ஓட முடியாத மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாலையும் கசப்பையும் நஞ்சையும் படைத்துக்கொண்டது. அவற்றிலிருந்து நாம் கற்கலாம், பயன் பெறலாம். ஆனால் அவை நமக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்பதை மறக்கலாகாது. வேப்ப நீரைத் தெளிக்கும்போதும் கையுறை அணியுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிரே நில்லாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள், குழந்தையைத் தூக்குங்கள்.

என் தாயாருக்கு இவற்றைச் சொல்லித் தர அந்நாளில் எவரும் இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல நான் வந்திருக்கிறேன். இங்கு வராத அண்டை வீட்டாருக்கு, குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள இல்லத்தாருக்கு, நீங்கள் சொல்லுங்கள்.